கதிர்காமத்துக்கு நேர்ந்த முடி

ஏப்ரல் 29, திங்கள்

புத்தாண்டோடு தொண்டை போனது. இன்னும் வரவில்லை. கத்தினால் தவளை, மெதுவாகப் பேசினால் வெறும் காத்து. பேசாமல் இருந்தால் எனக்கு வயிறு ஊதிவிடும். அதனால்தான் வாஹித் நானா கடையில் கொடுத்த இந்த டயரியை எடுத்தேன். அஞ்சாம் வகுப்பு படித்தவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். எவனாவது படித்துச் சிரித்தால் அவன் வாயில் இலுக்குப் புல் முளைக்கட்டும்.

தோட்டத்து மருந்துக்காரர் இன்றும் அதே இனிப்பு இருமல் பாணியைத்தான் ஊற்றிக் கொடுத்தார். "ஐயா, இதைக் குடிச்சா இருமல் நிக்குமா, இல்ல எறும்பு வருமா?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவே இல்லை. நல்ல புள்ள மாதிரித் தலையை ஆட்டினார். ஒரு நல்ல பகிடி வீணாய்ப் போனது. மனுசனுக்குக் கோபம் வராதா?

இராக்கம்மா கேட்டாள், "மொகம் ஏன் இப்படி ஊதியிருக்கு?"

"உன்னையக் கட்டின நாள்லேருந்து இப்படித்தான்" என்றேன்.

அவளுக்கும் கேட்கவில்லை.

மே 3, வெள்ளி

இருமித் துடைத்த லேஞ்சியில் ரத்தம். மருந்துக்காரர் பாணிப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, பதுளை பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதினார். இப்போ மட்டும் கை வேகமா ஓடுது.

மே 15, புதன்

பதுளை பெரியாஸ்பத்திரி, வாட்டு. தொண்டைக்குள் டியூப் விட்டு உள்ளே இருந்து ஒரு துண்டு கிள்ளி எடுத்தார்கள். "மிஸ்ஸி, உள்ள என் மனசு தெரிஞ்சிச்சா? நல்ல மனசு" என்றேன். நர்ஸ் ஷஹீலா மிஸ்ஸி காதை என் வாய்க்கிட்ட கொண்டுவந்து கேட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதத்தில் என் பகிடிக்குச் சிரித்த முதல் ஆள். அவள் நூறு வயசு இருக்கட்டும்.

ஜூன் 1, சனி

பெரிய அண்ணி செத்துப்போனாள். பாவம். சண்டைக்காரிதான், ஆனால் சோறு போட்ட கை. இழவு வீட்டில் எல்லாரும் அழ, நான் மட்டும் இருமினேன்.

ஜூன் 4, செவ்வாய்

சுத்தி வளைக்காமல் எழுதுகிறேன். எனக்கு நுரையீரலில் புற்றுநோய்.

சொன்னது டொக்டர் முஸ்தாக். பையன். என் மீசைக்கு இருக்கிற வயசு அவருக்கு இல்லை. ஆனால் தமிழில் பேசுகிறார், கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். இராக்கம்மாவும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்.

"இது சின்ன செல் வகை. பேருதான் சின்னது. மத்த வகையை விட வேகமா வளரும். ஈரலுக்கும் போயிருக்கு. அதனால வெட்டி எடுக்க ஏலாது" என்றார்.

"தொண்டை ஏன் போச்சு?"

"நெஞ்சுக்குள்ள வளர்ந்தது குரலுக்குப் போற நரம்பை அமுக்குது. மொகம் ஊதுறதும் அதால்தான். ரத்தம் எறங்குற குழாயை நெருக்குது."

"மருந்து?"

"சேலைன்ல ஏத்துவோம். மூணு நாள் தொடர்ந்து. பெறகு கொஞ்சம் இடைவெளி. பெறகும் ஏத்துவோம். ஒடம்புல எதெல்லாம் வேகமா வளருதோ, அதைத் தேடி அடிக்கிற மருந்து. இந்த நோய் வேகமா வளர்றதாலேயே மருந்துக்கும் வேகமா அடங்கும்."

"அடங்குமா, சாகுமா?"

பேனாவை மூடித் திறந்தார். "அடங்கும்னு சொல்லுவேன்" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. இருபத்திரண்டு வருசம் தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்தவன் நான். துளிர்த்து வளர்கிற புல்லில்தான் மருந்து ஏறும். காய்ந்து கிடக்கிற புல்லில் அடித்தால் தண்ணி தெளித்த மாதிரி. அடித்த கிழமையே, ஏழு நாளில், மலை மஞ்சளாகிவிடும். துரை வந்து பார்த்துத் தட்டிக் கொடுப்பார். ஆனால் புல் போய்விட்டது என்று எந்தக் கங்காணியும் சொல்ல மாட்டான்.

"முடி கொட்டும்" என்றார் டொக்டர். "அதுவும் வேகமா வளர்றதுதானே. மருந்துக்கு ஆள் தெரியாது."

முடியா! தோளைத் தொடும் என் வெள்ளை முடியைப் பார்த்துத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் பொறாமைப்படுகிறார்கள். மீதிப் பேர் மொட்டை.

பீடி எத்தனை வயசிலிருந்து என்று கேட்டார். பன்னிரண்டு. இனி விட வேண்டுமாம். "வீடு எரிஞ்சப்பெறகு தீப்பெட்டியை ஒளிக்கச் சொல்றீங்க" என்றேன். "மருந்து நல்லா வேலை செய்யணும்னா ஒளிச்சுத்தான் ஆகணும்" என்றார். பதில் சொல்கிற டொக்டர். பிடித்துப் போனது.

12ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். பிந்தக் கூடாது என்று இராக்கம்மாவைப் பார்த்தும் ஒரு தடவை சொன்னார்.

ஜூன் 5, புதன்

விடிந்து பார்த்தால் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு.

"என்ன புள்ள இது?"

"உங்க முடியைக் கதிர்காமத்துக்கு நேர்ந்துட்டேன்."

"என் முடியை நேர நீ யாரு? உன் முடியை நேர வேண்டியதுதானே?"

"என் முடி எலி வால். சாமி வாங்காது."

சரி, என்ன கேட்டு நேர்ந்தாய் என்றேன். நேர்ந்ததை நிறைவேறும் வரைக்கும் வெளியில் சொல்லக் கூடாதாம். என்ன பெரிய ரகசியம்? குணமாக்கு என்று கேட்டிருப்பாள். வேற என்ன கேப்பா?

சாயந்தரம் அவள் தம்பி தயாபரன் வந்தான். கோயில் தலைவர். சந்தனம் காய்வதற்கு முன்னாலேயே அடுத்த சந்தனம் வைக்கிற ஆள். முடிச்சைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான்.

"மச்சான், மருந்து ஏத்தினா முடி கொட்டுமாமே?"

"கொட்டும்."

"நேர்ந்த முடி சாமி சொத்து. அதை மருந்துக்குக் குடுத்தா சாமிக் குத்தம்."

"அப்ப நாளைக்கே கதிர்காமம் போயி எறக்கிட்டு வந்துர்றேன்."

"உங்க அண்ணி செத்த தீட்டு இருக்கு. மாசம் கழியாம கோயில் படி மிதிக்கக் கூடாது. மாசம் கழிஞ்சா கொடியேத்தம். நானே கூட்டிட்டுப் போறேன். முடியைக் குடுத்துட்டு அப்பறமா ஊசி போட்டுக்கலாம். ஒரு மாசந்தானே?"

ஒரு மாசந்தானே! அவன் அப்பன் வீட்டு நுரையீரலா?

ஜூன் 9, ஞாயிறு

லயமே அவன் பக்கம். பீலிக்குத் தண்ணி பிடிக்கப் போனால் அங்கேயும் புத்தி சொல்கிறார்கள். சாமி காரியம், பிந்தினால் தப்பில்லை, எத்தனை பேருக்குத் திருநீத்திலேயே சரியாயிருக்கு.

இன்று தயாபரனைப் பிடித்துக் கத்தினேன். டொக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். இது மற்ற நோய் மாதிரி இல்லடா, வேகமா வளருது, ஒரு மாசம் இதுக்கு ஒரு வருசம் மாதிரி, சாமிக்கு முடி வேணும்னா தலை உசிரோட இருக்க வேணாமா?

ஒன்றும் வெளியே வரவில்லை. காத்துதான் வந்தது. நான் வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். அவன் சிரித்துவிட்டான். "மச்சான், பாயிலே போட்ட மீன் மாதிரி இருக்கீங்க" என்றான். சுத்தி நின்றவனும் சிரித்தான்.

நாற்பது வருசமாக நான் ஊரைப் பகிடி பண்ணினேன். இன்று ஊர் என்னைப் பண்ணுது. அதுக்குக் கூடக் கோவமில்ல. பதில் சொல்ல முடியல பாரு, அதான்.

ஜூன் 12, புதன்

போகவில்லை.

விடியக்காலம் சட்டை போட்டேன். இராக்கம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணிதான் குடிக்கிறாள். "போங்க. நான் தடுக்கல. ஆனா சாமி கோவிச்சுக்கிட்டு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் நேர்ந்ததாலதான்னு ஆகிப்போகும். அதை வச்சுக்கிட்டு நான் எப்படி இருப்பேன்?" என்றாள்.

சட்டையைக் கழற்றி எறிந்தேன். பொத்தான் போச்சு.

பொம்பளைய அழ வைக்காம எப்படிச் சண்டை போடுறதுன்னு எனக்கு எவனும் சொல்லித் தரல.

ஜூன் 15, சனி

படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நிற்கிறது. எழுத முடியவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வாஹித் நானா பண்டாரவளையிலிருந்து வேனோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. கடைக்கு வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள், சிவஞானம் கங்காணி கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சுப்போய்க் கெடக்குறாருன்னு.

தயாபரன் குறுக்கே வந்தான். "நானா, இது எங்க கோயில் விசயம்."

"ஒங்கட கோயில் விசயத்துல நான் வரல்ல" என்றார் வாஹித். "அம்பது வருசமா இந்த மனுசனுக்குப் பீடி வித்தவன் நான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது என்ட விசயம். தள்ளுங்க."

எனக்கு வேனில் ஏறவே பெலன் இல்லை. ஆனாலும் அவர் காதில் ஊதினேன்: "வித்தவன் நீ, குடிச்சவன் நான். இருமுறது மட்டும் ஏன் நான் ஒருத்தன்?"

"வாய மூடிட்டு ஏறுங்க அண்ணே" என்றார். கண் நிறைந்திருந்தது. வேனை ஒழுங்காக ஓட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைச் சாத்தும்போது இராக்கம்மா வந்து ஏறினாள். தம்பியைப் பார்க்கவே இல்லை.

பதுளையில் டொக்டர் கத்தினார். அப்பா, என்ன கத்து! வாட்டே திரும்பிப் பார்த்தது. "கெழமைக் கணக்குல பேசுற நோய்னு சொன்னேனா இல்லையா? இந்த எக்ஸ்ரேயைப் பாருங்க. அன்னைக்கு இருந்ததைப் பாருங்க. ஆறு நாள் பிந்தினதுக்கு இது. ஒரு மாசம் போயிருந்தா எனக்கு மருந்து ஏத்த ஆள் இருந்திருக்காது!"

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவர் கோபம் எனக்குப் பிடித்திருந்தது. என் உயிருக்காக ஒருவன் இவ்வளவு தொண்டை கிழியக் கத்துகிறானே. என்னால்தான் கத்த முடியவில்லை. எனக்குப் பதிலாக அவர் கத்தினார்.

இன்றே ஏற்றுகிறார்கள்.

ஜூன் 20, வியாழன்

மூன்றாம் நாள். குமட்டல். சோறு மண் மாதிரி. வாந்தி நிற்க ஒரு ஊசி, அந்த ஊசிக்கு வயிறு கட்ட, அதற்கு ஒரு மாத்திரை. புல்லுக்கு நான் மருந்தடித்தபோது புல்லிடம் இப்படியெல்லாம் கேட்டதில்லை.

ஜூன் 27, வியாழன்

முகம் வடிந்துவிட்டது. கண்ணாடியில் பழைய கழுதை தெரிகிறான். படுத்துத் தூங்கினேன்.

இவ்வளவு வேகமா? மலை மஞ்சளாகிற மாதிரிதான்.

ஜூலை 3, புதன்

சத்தம் வந்துவிட்டது!

காலையில் நாய் தேயிலைக்குள் ஓடியது, "அடேய்" என்றேன். வெளியே கேட்டது! கரகரப்புத்தான், ஆனாலும் என் சத்தம். நாய் நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன்.

இராக்கம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "இன்னொரு தடவை கூப்பிடுங்க" என்றாள்.

"யாரை? நாயையா உன்னையா?"

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாமி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு தேத்தண்ணியில் சீனியைக் கொட்டிக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நேராகத் தயாபரன் வீட்டுக் காம்பராவுக்குப் போனேன். ஜூன் 9 முதல் பாக்கி இருந்த எல்லா வார்த்தையையும் சொன்னேன். அதில் ஒன்றையும் இங்கே எழுத முடியாது. மூச்சு வாங்கியபோது திண்ணையில் உட்கார்ந்து, மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

ஜூலை 5, வெள்ளி

தலையணை முழுக்க முடி. இழுத்தால் கொத்தோடு வருகிறது, வலியே இல்லை. இராக்கம்மா ஒவ்வொரு முடியாகப் பொறுக்குகிறாள். பாயில், சட்டைக் காலரில், குளிக்கிற கல்லில். பொறுக்கி ஒரு மஞ்சள் துணியில் சேர்க்கிறாள்.

"விடு புள்ள. குப்பை அது."

"உங்களுக்குக் குப்பை."

பாக்கப் பாக்கக் கோவம் வருது. குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குறா. இதே முதுகு கொழுந்துக் கூடையைச் சுமந்து வளைஞ்சது. இப்ப என் மயிரைப் பொறுக்கி வளையணுமா?

சாயந்தரம் தயாபரன் கொடியேற்றத்துக்குக் கிளம்பிச் சொல்லிக்கொள்ள வந்தான். தானாகக் கொட்டின முடி காணிக்கையாகாது என்று அக்காவுக்குச் சட்டம் சொன்னான். கை நிறைய முடியை எடுத்தேன். அவன் வெள்ளைச் சட்டைப் பையில் திணித்தேன். "கதிர்காமத்துக்குத்தானே போற மாப்பிள? சில்லறையா வச்சுக்க, மீதியை நான் அப்பறமா குடுக்குறேன்."

அட்டை கடித்தவன் மாதிரிக் குதித்தான். லயமே சிரித்தது. இந்தத் தடவை என் பக்கம்.

ஜூலை 26, வெள்ளி

தயாபரன் திருநீறும் தீர்த்தமும் கொண்டுவந்தான். என் பேரில் அர்ச்சனை செய்தானாம். "பாத்தீங்களா மச்சான், சத்தம் வந்திருச்சு."

"எனக்குச் சத்தம் வந்தது மூணாந் தேதி. நீ வண்டி ஏறினது அஞ்சாந் தேதி. உங்க சாமி முன்பணம் குடுக்குற சாமியா?"

திருநீற்றைப் பூசிக்கொண்டேன். திருநீற்று மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிட்டதாம். அதுவும் வேகமாக வளர்கிற சாதிதான், மருந்து அதையும் அடித்துவிட்டது. மறுபடியும் வாட்டு. பார்க்க யாரும் வரக் கூடாது, கிருமி ஏறும் என்று ஷஹீலா மிஸ்ஸி எழுதி ஒட்டியிருக்கிறாள்.

லயத்து ஆட்கள் கேட்பார்களா? நோயாளியைப் பார்க்கப் போகாவிட்டால் பிறகு இழவுக்குப் போக முகம் இருக்காதாம். ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிறார்கள். கையில் பிஸ்கட். ஒவ்வொரு வாயிலும் பீடிப் பேச்சு. "அன்னைக்கே சொன்னோம்." எவன் சொன்னான்? தீப்பெட்டி கேட்டவன்தான் இன்று சொல்கிறான்.

ஜன்னலை நோக்கி ஒரு பெரிய இருமல் இருமினேன். எல்லாரும் இரண்டடி பின்னால் போனார்கள். "இது ஒட்டாத நோய்டா, மடப்பயலுகளா!" என்றேன். மிஸ்ஸி திட்டினாள். நல்லா இருந்தது.

செப்டெம்பர் 5, வியாழன்

ஸ்கேன். நெஞ்சில் இருந்தது கொய்யாப்பழத்திலிருந்து பாக்கு அளவுக்கு வந்துவிட்டதாம். ஈரலில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறதாம்.

இராக்கம்மா டொக்டர் காலில் விழப் போனாள். அவர் எழுந்து பின்னால் போனார். நான் கேட்டேன், "புல்லு போயிருச்சா தொரை?"

புல் கதையை முதல் நாளே சொல்லியிருக்கிறேன். அவருக்கு விளங்கும்.

"மலை மஞ்சளாயிருக்கு" என்றார். "திரும்ப வர்ற புல்லு அதே மருந்துக்குக் கேக்காமப் போகலாம். அதனாலதான் இன்னும் ரெண்டு தடவை ஏத்துவோம்."

லயத்தில் தயாபரன் வெடி போட்டான். அவன் வெடி, அவன் கொண்டாட்டம், நோய் மட்டும் என்னுது.

ஒக்டோபர் 4, வெள்ளி

கடைசி மருந்து முடிந்தது. மிஸ்ஸி ஊசியைக் கழற்றினாள். "இனி என்னையப் பாக்க வரவேணாம்" என்றாள். "பாக்குறதுக்கு வேற சாக்கு தேடுறேன்" என்றேன். இராக்கம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுத மறந்தே போனேன். வாயால் பேச முடிகிறவனுக்கு டயரி எதற்கு?

முடி முளைத்திருக்கிறது. கறுப்பு! சுருட்டை வேற. பிள்ளைத்தலை மாதிரி மெத்தென்று இருக்கிறது. எழுபத்தொரு வயசில் கறுப்பு முடி. "ஒரு பொண்ணு பாரு புள்ள, எனக்கு வயசு திரும்புது" என்றேன். "பாக்குறேன். தேத்தண்ணி போடத் தெரிஞ்சவளாப் பாத்தா எனக்கும் ஒதவியாப் போகும்" என்றாள்.

தினமும் எண்ணெய் வைக்கிறாள். வைத்துவிட்டுச் சாமி படத்தைப் பார்க்கிறாள். கடன் வளருது என்று கணக்குப் பார்க்கிறாளோ.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பானை பொங்கும்போது எல்லாரும் கூவினோம். என் கூவல் பாதியில் உடைந்தது.

யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

தனியாகப் போனேன். இராக்கம்மாவிடம் சும்மா செக்கப் என்று சொன்னேன்.

வந்துவிட்டது. நெஞ்சிலும் ஈரலிலும்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயம் இல்ல. கோவம். லயத்துல பாக்குறவன் எல்லாம் "முடி வளந்துருச்சே, அப்ப நல்லாயிருச்சு" ன்றான். தொட்டுத் தொட்டுப் பாக்குறான். அட மடையனுகளா, மருந்து நின்னதாலதான்டா முடி வளருது. மருந்து நின்னா முடி மட்டுமா வளரும்? ஒரே மழையில நல்லதும் கெட்டதும் சேந்துதான்டா முளைக்கும். நான் தெனம் தலையத் தடவிச் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்திருக்கேன். உள்ள அதுவும்.

டொக்டர் சொன்னார், இரண்டாவது மருந்து ஒன்று இருக்கிறது. முதலில் அடங்கின மாதிரி அடங்காது. கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போடலாம், இருமலும் வலியும் குறையலாம். சில பேருக்கு அதுவும் இல்லை. ஏற்றுவதா வேண்டாமா என்று நான்தான் சொல்ல வேண்டுமாம்.

"முடி கொட்டுமா?"

"கொட்டலாம்."

அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது. நானா கேட்டேன்? நான்தான் கேட்டேன்.

"அப்ப ரெண்டு மூணு கிழமை பிந்தி ஏத்தலாமா தொரை? ஒரு நேத்தி இருக்கு. கதிர்காமம் போயி முடியைக் குடுத்துட்டு வந்துர்றேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். போன ஜூனில் ஆறு நாளுக்குக் கத்தின மனுசன். வாட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தின மனுசன்.

"ஆறுதலாப் போயிட்டு வாங்க அப்பா" என்றார். "அவசரமில்ல."

அப்பா என்றார். இது வரைக்கும் சிவஞானம் என்றுதான் சொல்வார்.

கத்த வேண்டியதுதானே? நான் நேரா அவர் மொகத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன், ஒரு தடவை கத்துய்யான்னு. கத்தல. கதவு வரைக்கும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டார்.

பஸ் வந்துவிட்டது.

பெப்ரவரி 2, ஞாயிறு

தயாபரனிடம் சொன்னேன், கதிர்காமம் போகணும் என்று. "கொடியேத்தத்துக்குப் போவமே மச்சான், அப்பத்தான் விசேசம். அஞ்சாறு மாசந்தானே" என்றான்.

நான் பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். பேசாத சிவஞானத்தை அவன் பார்த்தது கிடையாது. கொஞ்ச நேரத்தில் அவன் கண் கீழே போனது.

"வாற கிழமையே போவோம்" என்றான். பிறகு ஏதோ மறந்தவன் மாதிரி அவசரமாக வெளியே போனான். அவன் முதுகைப் பார்த்துத் திட்ட ஒரு நல்ல வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

கதிர்காமம். வாஹித் நானா வேன். வெல்லவாய தாண்டினதும் சூடு. தயாபரன் முன் சீட்டில் உட்கார்ந்து வாஹித்துக்கு முருகன் கதை சொல்லிக்கொண்டே வந்தான். வாஹித் சாப்பாட்டுக் கடை எங்கே நல்லது என்று மட்டும் கேட்டார்.

மாணிக்க கங்கையில் தண்ணி முழங்கால் அளவு. தயாபரன் என்னைத் தூக்காத குறையாகப் பிடித்து இறக்கினான். "பாத்து மச்சான், பாசி" என்றான். அவன் கை வியர்த்திருந்தது. இராக்கம்மா மஞ்சள் துணியை அவிழ்த்தாள். ஜூலையில் பொறுக்கின வெள்ளை முடி. இத்தனை மாதமும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். கொட்டின முடி காணிக்கையாகாது என்ற சட்டத்தைத் தயாபரன் இன்று சொல்லவில்லை. அவள் ஆற்றில் விட்டாள். கொஞ்சம் என் காலைச் சுற்றிவிட்டுப் போனது.

பிறகு மொட்டை. பலகையில் உட்கார்ந்தேன். கறுப்புச் சுருள் மடியில் விழுகிறது. நாவிதர், "வயசுக்கு நல்ல முடி" என்றார். இராக்கம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மெதுவாகச் சொன்னேன், பெரிதாகச் சொல்ல முடியவில்லை. "நீ கேட்டது கெடைக்கலியே புள்ள. பெறகும் எதுக்குக் குடுக்குற?"

"கெடைச்சிச்சு."

"என்ன கெடைச்சது? போன மாசம் டொக்டர் சொன்னதை நான் உனக்குச் சொல்லல—"

"நீங்க சொல்லணுமா? பொங்கலன்னைக்குச் சத்தம் உடைஞ்சது எனக்குக் கேக்கலியா?"

நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினார்.

"குணமாக்குன்னு நான் கேக்கல" என்றாள். "அந்த டொக்டர் சொன்னப்ப நானும்தானே ஒக்காந்திருந்தேன். அவரு குடுக்க முடியாததை சாமிகிட்டக் கேட்டு, அது குடுக்காமப் போயி, பெறகு அதோட எனக்கு என்ன பேச்சு இருக்கும்? அந்த வாயை மட்டும் ஒரு தடவை திருப்பிக் குடுன்னு கேட்டேன். சத்தமில்லாம வீடு வீடாவே இல்ல. ஜூலையில குடுத்துருச்சு. அப்பவே குடுத்திருக்க வேண்டிய முடி. வட்டி வேற ஏறிப்போச்சு."

தலையை நிமிர்த்த முடியவில்லை. நாவிதர் பிடித்திருந்தார். எட்டு மாதமாக அந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்துப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறேன்.

"சாமி குடுத்ததுக்கப்பறம் ரொம்ப நாள் நொந்துக்கிட்டேன்" என்றாள். "கொஞ்சம் கூடுதலாக் கேட்டிருக்கலாம்னு."

சந்தனம் பூசினாள். குளுகுளு என்று இருந்தது. அவள் காதுக்கிட்டப் போய் ஒன்று சொன்னேன். முக்கால்வாசி காத்துதான் வந்தது. தயாபரனுக்குக் கேட்கவில்லை, வாஹித்துக்கும் கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. "சீ! கோயில்ல வச்சு என்ன பேச்சு இது?" என்று மொட்டைத் தலையில் சந்தனக் கையால் ஒரு அடி அடித்தாள்.